இலந்தை வடையில் பூசணம்: ஒரு வீட்டில் போட்ட இரண்டு ஈடுகள்

பின்னணி

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் ஒரு சிற்றூர். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் குடும்பம். 70 வயதைத் தாண்டிய மாமியார், 35 வயது மருமகள், 8 வயதுப் பேரன். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். நடந்ததை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் வற்றல், வடகம் போட்டுப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவள். அதனால் காரியம் கெட்ட பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஈட்டைப் பற்றி எழுதியிருப்பது அவர்கள் சொல்லக் கேட்டது. இரண்டாவதை நான் கூட இருந்து பார்த்தேன்.

பெயர் வடை என்றாலும் இது எண்ணெய்ச் சட்டிக்குப் போகாத வடை. பழுத்த இலந்தைப் பழத்தை மிளகாய் வற்றல், உப்பு, புளி, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்து, தட்டி, வெயிலில் காயவைப்பது. பள்ளிக்கூட வாசலில் விற்கும் பொட்டலத்தைப் பேரன் தினமும் கேட்க, "கடையில வாங்குவானேன், நம்ம வீட்டுலயே போடுவோம்" என்று மாமியார் ஆரம்பித்து வைத்திருக்கிறார். அவர் கடைசியாக இதைப் போட்டு முப்பது வருஷம் இருக்கும். மருமகள் போட்டதே இல்லை.

முதல் ஈடு

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் 3 கிலோ பழம் வாங்கினார்கள். காட்டு இலந்தை அல்ல. ஆப்பிள் இலந்தை என்று விற்கிறார்களே, பச்சையும் மஞ்சளுமாக, கடித்தால் நறுக்கென்று இருக்குமே, அந்தப் பெரிய ரகம். விலை மலிவு, பார்க்கவும் நன்றாக இருந்தது.

மாமியாருக்குத் தோள்வலி. உரல் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதனால் மிக்ஸி. கொட்டையோடு போட்டுச் சுற்றியதும் பிளேடு அடைத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஓட்டினார்கள். மொத்தத்தில் ஒரு டம்ளர் போயிருக்கும் என்றார் மருமகள். பையனுக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைக் குறைத்து, வெல்லத்தை முக்கால் கிலோவாகக் கூட்டினார்கள். உப்பு இரண்டு ஸ்பூன். விழுது தளர்வாக இருந்ததால் மெல்லிசாகத் தட்ட வரவில்லை. உளுந்து வடை கனத்துக்கு 62 வடைகள்.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து அதன்மேல் காயவைத்தார்கள். முதல் இரவு அதே ஷீட்டை மடித்து மூடிவிட்டு, அப்படியே மாடியில் விட்டுவிட்டார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான்! காலையில் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததாம். மூன்றாம் நாள் மேகமூட்டம். ஐந்தாம் நாள் மாலை தொட்டுப் பார்த்தால் மேல்புறம் தோல் மாதிரி இறுகியிருந்தது. காய்ந்துவிட்டது என்று, வெயில் சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கி, அலமாரியில் ஏற்றிவிட்டார்கள்.

இடையில் ஒரு சின்ன விபத்து. மூன்றாம் நாளே பேரன் ஒன்றை எடுத்துக் கடித்திருக்கிறான். மிக்ஸியில் உடைந்த கொட்டைச் சில்லு ஈறில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததும் சரியாகிவிட்டது. அன்றைக்கு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டப்பாவைத் திறந்த நாள்

ஒன்பது நாள் கழித்துத் திறந்தால் புளித்த மாவின் வாடை. மேல் அடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. கீழே இரண்டு வடைகள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் சாம்பல் கலந்த பச்சை. மருமகள் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, இதைச் சுரண்டிட்டுத் திரும்பக் காயப்போட்டாச் சரியாயிருமா? அத்தை அப்படித்தான் சொல்றாங்க."

உடனே பதில் சொல்லவில்லை. பார்வைக்குச் சுத்தமாக இருந்தவற்றில் பத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தோம். ஏழில் நடுப்பகுதி கறுத்து, அல்வா பதத்தில், விரலில் ஒட்டியது. அந்த ஏழில் நான்கில், வெளியே ஒன்றும் தெரியாமல், உள்ளே கொட்டையை ஒட்டி மெல்லிய வெள்ளை நூல் ஓடியிருந்தது.

இதைத்தான் எல்லாருக்கும் காட்ட ஆசைப்பட்டேன். வெளித்தோல் காய்ந்ததை வைத்து வடை காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. கனமான வடை சுள்ளென்ற வெயிலில் முதலில் மேலேதான் இறுகும். இறுகிய தோல் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. மூடிய டப்பாவுக்குள் அந்த ஈரம் மெதுவாக மேலே வந்து தோலை மறுபடி நனைக்கும். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

எறிவதா, சுரண்டுவதா

மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. "மேலாப்லதானத்தா பூத்திருக்கு. நல்ல வெயில்ல ஒருநாள் போட்டா ஓடிப்போயிரும். அந்தக் காலத்துல நாங்க எறிஞ்சமாக்கும்?"

டப்பாவில் இருந்த அத்தனை வடையையும் எறிந்துவிடச் சொன்னேன். பஞ்சு போலத் தெரிவது பூசணத்தின் தலைதான். நூல் உள்ளே போயிருக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். எல்லாப் பூசணமும் நஞ்சல்ல. ஆனால் அஸ்பெர்ஜில்லஸ் வகையில் சில, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்குவது. வெயிலில் காயவைப்பதோ அடுப்பில் வாட்டுவதோ பூசணத்தைக் கொல்லலாம்; அது விட்டுப்போன நஞ்சை அழிக்காது. எது எந்தப் பூசணம் என்று நிறத்தை வைத்து வீட்டில் கண்டுபிடிக்கவும் முடியாது. தின்னப்போவது 8 வயதுப் பையன். 3 கிலோ பழமும் முக்கால் கிலோ வெல்லமும் போனால் போகிறது.

பிட்டுப் பார்த்ததில் மூன்று வடைகள் நன்றாகவே இருந்தன. அவற்றையும் எறிந்தது சரியா என்ற கேள்வி இன்னும் எனக்கு உண்டு. ஒரே டப்பா, ஒரே ஈரம், பிட்டால்தான் உள்ளே தெரியும் என்ற நிலை. அன்றைக்கு வேறு வழி தோன்றவில்லை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

மாமியார் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இரண்டு வடைகள் இருந்ததைப் பேரன் காட்டிக்கொடுத்தான். ஒன்றை ஏற்கெனவே தின்றிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் அவருடைய வாதம். ஒருதடவை தின்று ஒன்றும் ஆகாமல் போவது சகஜம்தான் என்று அவரிடம் சொல்லி ஜெயிக்க முடியவில்லை.

உரலடியில் கேட்டது

கோபம் தணிந்த பிறகு ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அவர் சின்ன வயதில் எப்படிப் போட்டார்கள் என்று முதலிலிருந்து கேட்டோம். "மிளகா, புளி, உப்பு, வெல்லம் போட்டு இடிக்கணும்" என்பதோடு மருமகள் அதுவரை நிறுத்தியிருந்தார். மாமியாரும் அதற்கு மேல் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்கக் கேட்க வந்தது. பழத்தைப் பறிப்பது கிடையாது. காட்டு மரத்தில் பழுத்து, சிவந்து, சுருங்கி, உலுக்கினால் உதிரும் பருவத்துப் பழம். அதையும் பொறுக்கி வந்து இரண்டு நாள் ஓலைப்பாயில் உலர்த்திய பிறகுதான் உரலுக்குப் போகும். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. இனிப்புக்குக் கருப்பட்டி, அதுவும் ஒரு சில்லு. தட்டுவது சுளகில், "ரூவாத் துட்டு மூணை அடுக்குன கனம்". கயிற்றுக் கட்டிலில் பாயைப் போட்டுக் காயவைப்பார்கள். பொழுது சாய்வதற்கு முன் வீட்டுக்குள் வந்துவிடும்.

அதாவது, செய்முறையில் பிழை இல்லை. அது வேறொரு பழத்துக்கான செய்முறை. சந்தையில் வாங்கிய புதுப் பழத்தின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சுருங்கிய காட்டுப் பழத்தின் தண்ணீரில் பெரும்பகுதியை மரமும் வெயிலும் முன்கூட்டியே வாங்கிவிட்டிருக்கும். முதல் ஈட்டில் அந்தப் பழத் தண்ணீரின் மேல் இன்னொரு டம்ளரையும் ஊற்றி, இரண்டு மடங்கு கனத்தில் தட்டியிருக்கிறார்கள். கனம் இரண்டு மடங்கானால் காயும் நேரம் நாலு மடங்கை ஒட்டிப் போகும். அந்த வடை ஐந்து நாளில் காய்ந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வெல்லம் பற்றி எங்களுக்குள்ளேயே கொஞ்சம் விவாதம். சர்க்கரை கூடினால் கெடாது என்பது பாதி உண்மை. அது பழத்திலுள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்கு விட்டுக்கொடுக்காது. ஆனால் வெல்லம் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும், எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும், அதனால் வடை காய்ந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்த்து அறிய முடியாமல் செய்துவிடும்.

இரண்டாம் ஈடு

மாசி முதல் வாரம். பகல் 33 டிகிரியை ஒட்டி, காற்று வறண்டிருந்தது. பழம் காயவைக்க 30 டிகிரிக்கு மேல் சூடும், காற்றில் 60 சதவீதத்துக்குக் கீழ் ஈரப்பதமும் இருந்தால் நல்லது. கைபேசியில் அதையும் பார்த்துக்கொண்டோம். கண்மாய்க்கரையில் உலுக்கிக் கொண்டுவந்த காட்டு இலந்தை 2 கிலோ.

முதல் வேலை புழு பார்ப்பது. இலந்தைப் பழ ஈ காயிலேயே முட்டையிட்டுவிடும். வெளியே ஊசித் துளை அளவு தழும்பு, உள்ளே கொட்டையைச் சுற்றிப் புழு. ஒவ்வொரு பழமாக விரலில் அமுக்கி, மெத்தென்று அமுங்கியவற்றைப் பிளந்து பார்த்தோம். இதற்கு ஒரு மணி நேரம் போனது. பேரன் இதில்தான் மிக உற்சாகம். 300 கிராம் கழிந்தது. மீதி 1,700 கிராமைக் கழுவி, ஓலைப்பாயில் முழுப் பழமாகவே இரண்டு நாள் உலர்த்தினோம். 1,150 கிராமுக்கு வந்தது. இடிக்கும் முன்பே அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் போய்விட்டது.

உரலை நிமிர்த்திக் கழுவிக் காயவைத்தோம். முண்டு மிளகாய் வற்றல் 60 கிராம், கல் உப்பு 50 கிராம், வெறும் சட்டியில் பொரித்த கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. இவை மூன்றையும் முதலில் பொடியாக்கினோம். பிறகு கொட்டையும் நாரும் நீக்கிய புளி 40 கிராம், கருப்பட்டி 150 கிராம். அதற்கப்புறம் பழம், கைப்பிடி கைப்பிடியாக. உலக்கையை ஓங்கிப் போடக் கூடாது. சதை நசுங்க வேண்டும், கொட்டை நொறுங்கக் கூடாது. மாமியார் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உலக்கை விழும் சத்தத்தை வைத்தே "இந்தா ஒடையுது, மெல்லப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காது எனக்கு இல்லை. கடைசியில் விழுது உருண்டையாகத் திரண்டு, உரலின் சுவரை விட்டுப் பிரிந்து வந்தது. அதுதான் பதம் என்றார்.

தட்டி எடுத்தது 74 வடைகள். கயிற்றுக் கட்டில், அதன்மேல் ஓலைப்பாய், மேலே கொசுவலை. அடியிலும் காற்று ஓடியது. தினம் மத்தியானம் ஒருதரம் திருப்பிப் போட்டோம். மாலை 4 மணிக்கு மேல் உள்ளே எடுத்து, சூடு ஆறிய பிறகே மூடினோம்.

தராசு வைத்த யோசனை என்னுடையது. பத்து வடைகளைத் தனியாக ஒரு தாம்பாளத்தில் வைத்து, அவற்றை மட்டும் தினம் மாலை நிறுத்தோம். தட்டிய அன்று 200 கிராம். முதல் நாள் வெயில் முடிந்து 168. இரண்டாம் நாள் 149. அன்று இரவு தாம்பாளத்தை வீட்டுக்குள்ளேயே, ஆனால் மூடாமல் விட்டுவிட்டோம். காலையில் நிறுத்தால் 152! ஒரு ராத்திரியில், கூரைக்கு அடியில் இருந்துகொண்டே, 3 கிராம் தண்ணீரைக் காற்றிலிருந்து குடித்திருந்தது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை இரண்டுமுறை பார்த்தார். அன்றிலிருந்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் 140, நான்காம் நாள் 136, ஐந்தாம் நாள் 135. இனி எடை இறங்காது என்று தெரிந்ததும் ஒன்றைப் பிட்டோம். தோல் மாதிரி வளைந்து, பிறகு கிழிந்தது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம்.

டப்பாவில் போடுவதற்கு முன்

இங்கேதான் முதல் ஈட்டில் அவசரப்பட்டார்கள். இந்தமுறை கண்ணாடி ஜாடிகள் மூன்றில் முக்கால் அளவுக்கு மட்டும் போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கி வைத்தோம். எல்லா வடையும் ஒரே மாதிரி காய்ந்திருக்காது. ஜாடிக்குள் ஈரம் இருப்பதிலிருந்து இல்லாததற்குப் போய்ச் சமப்படும். மிச்சம் ஈரம் இருந்தால் கண்ணாடியில் வியர்க்கும். இரண்டாம் நாள் ஒரு ஜாடியின் தோளில் லேசாக ஆவி பூத்திருந்தது. கட்டிலின் ஓரத்தில், பந்தல் நிழல் விழுந்த பக்கத்தில் காய்ந்தவைதான் அந்த ஜாடிக்குப் போயிருந்தன. அதை மட்டும் இன்னொரு நாள் வெயிலுக்கு அனுப்பினோம். பிறகு வியர்க்கவில்லை.

அப்புறம் ஃப்ரீசரில் இரண்டு நாள். காயவைக்கும்போது பூச்சி எதுவும் முட்டை வைத்திருந்தால் அந்தக் குளிரில் செத்துவிடும். மாமியாருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "வெயில்ல காஞ்சதக் கொண்டுபோயி ஐஸ்ல வைக்கிறீகளே!" வெளியே எடுத்த ஜாடியைச் சில்லிப்பு முழுக்க விடும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த வடைமேல் காற்றின் ஈரம் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். இதை மருமகளிடம் மூன்று தடவை சொன்னேன். கொஞ்சம் அதிகம்தான்.

பிறகு நடந்தது

பங்குனி, சித்திரை தாண்டி ஆனி வரை ஜாடியில் பூசணம் இல்லை, வாடை இல்லை. நிறம் மட்டும் செங்காவியிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்கு இருண்டது. காரம் தூக்கல் என்று பேரன் முதல் நாள் அழுதான். இரண்டாம் வாரத்திலிருந்து கணக்கில்லாமல் தின்றான். கொட்டை குத்தியதாக ஒரு புகாரும் இல்லை. ஆனாலும் பல் ஆடும் வயதில் இருக்கும் பிள்ளைக்கும், பல் விழுந்த பெரியவர்களுக்கும் கொட்டையை நீக்கிய வடையே நல்லது என்பது என் கருத்து. மாமியார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டையைச் சப்பித் துப்புவதில்தான் பாதி ருசி என்கிறார்.

மாற்ற வேண்டியவை

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழம், தண்ணீர், கனம், உப்பு, பாய், இரவில் மூடுவது, எடை பார்ப்பது, ஜாடியில் வைத்துச் சமப்படுத்துவது எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினோம். எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. தண்ணீர் விடாததும் கனத்தைக் குறைத்ததும்தான் முக்கியம் என்று ஊகிக்கிறேன். ஓலைப்பாய் இல்லாமல் தட்டில் போட்டிருந்தாலும் காய்ந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அலுமினியத் தட்டு வேண்டாம். புளிப்பும் உப்பும் அதை அரிக்கும்.

அடுத்த தடவை காட்டுப் பழம் கிடைக்காவிட்டால், பெரிய ரகத்தையே கீறிக் கொட்டை நீக்கி, சதை சுருங்கும்வரை தனியாகக் காயவைத்து, பிறகு இடிப்பதாக இருக்கிறார்கள். மிளகாய் 40 கிராமுக்கு இறங்கும். ஜாடிகள் சின்னதாக இருக்கும். பெரிய ஜாடியைப் பேரன் ஒரு நாளைக்குப் பத்துமுறை திறந்ததில், ஆவணி மழை ஒன்றுக்கே வாய்ப்பக்கத்து வடைகள் தளர்ந்துபோயின.

மழைக்காலத்தைத் தாங்குமா என்று பார்க்க 11 வடைகளைத் தனி ஜாடியில், வாய்க்கு மெழுகு பூசி, தொடாமல் வைத்திருந்தோம். ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகையில் திறந்தோம். பூசணம் இல்லை. இரண்டில் மட்டும் ஓரம் பிசுபிசுத்தது. அந்த இரண்டையும் பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே நூல் இல்லையென்றாலும், குப்பைக்கு அனுப்பினோம். மீதி ஒன்பதில் மூன்று மாமியாரின் சுருக்குப்பைக்குப் போயின.